எளிய விலையில் நிழற்படத் திருத்தம்: வீட்டுக் கணிப்பொறியில் ஒரு பட்டறிவு

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

முன்னுரை

நம் இல்லங்களில் கூடத்துச் சுவரை அண்ணாந்து பார்த்தால் சட்டமிட்ட நிழற்படங்கள் வரிசையாகத் தொங்குவதைக் காணலாம். பாட்டனார், பாட்டியார், திருமணக் கோலம், காதணி விழா எனக் குடும்பத்தின் வரலாறே அங்கே இருக்கிறது. ஆனால் அப்படங்களுள் பல இன்று மங்கி, மஞ்சள் பூத்து, பூஞ்சை படர்ந்து அழிந்துகொண்டிருக்கின்றன. அவற்றைத் திருத்த ஸ்டுடியோவிற்குச் சென்றால் ஒரு படத்திற்கே கணிசமான தொகை கேட்கின்றனர். பத்துப் படங்கள் இருந்தால் மாணவர் குடும்பத்தால் தாங்க இயலாது.

வீட்டில் உள்ள சாதாரணக் கணிப்பொறியைக் கொண்டு, விலை குறைந்த அல்லது விலையே இல்லாத மென்பொருளின் துணையால் இப்பணியை நாமே செய்துகொள்ள முடியுமா? முடியும் எனில் எதுவரை முடியும்? எவ்விடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்? கடந்த ஓராண்டாக எனக்கும் என் வகுப்பு நண்பர்கள் சிலருக்கும் கிடைத்த பட்டறிவைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

படமும் புள்ளியும்

கணிப்பொறிக்கு நிழற்படம் என்பது எண்களின் அடுக்கேயாகும். படத்தைச் சிறு சிறு புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் அளவை 0 முதல் 255 வரையுள்ள எண்ணால் குறிக்கின்றது. மூன்றும் 0 எனில் கருமை. மூன்றும் 255 எனில் வெண்மை. படத்தைத் திருத்துதல் என்பது இவ்வெண்களை மாற்றுதலே.

இவ்வாறு எண்ணாக மாறிய முதல் நிழற்படம் 1957 ஆம் ஆண்டு அமெரிக்காவில் உருவாயிற்று. தேசியத் தர நிர்ணயக் கழகத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் கெர்ஷ் என்னும் பொறியாளர், மூன்று மாதக் குழந்தையாக இருந்த தம் மகனின் படத்தைக் கணிப்பொறிக்குள் செலுத்தினார். அதன் அளவு 176 × 176 புள்ளிகள். மொத்தம் 30,976 புள்ளிகள் மட்டுமே. இத்துறையின் முதற்படமே ஒரு குடும்பப் படம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மென்பொருள்கள் வந்த வழி

இத்துறையில் பெரும்புகழ் பெற்றது போட்டோஷாப். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நோல், 1987 இல் இதற்கு வித்திட்டார். திரைப்படத் துறையில் பணியாற்றிய அவருடைய உடன்பிறந்தார் ஜான் நோல் துணை நின்றார். 1990 இல் அடோபி நிறுவனம் அதனை மெக்கின்டாஷ் கணிப்பொறிக்கு வெளியிட்டது. அது தொழில் புரிவோருக்கான கருவி; விலையும் அதற்கேற்றதே. 2013 முதல் அந்நிறுவனம் புதிய பதிப்புகளை ஒரேயடியாக விற்கும் முறையைக் கைவிட்டு, மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் கட்டணம் பெறும் முறைக்கு மாறிற்று. குடியிருக்கும் வரை வாடகை என்பது போலப் பயன்படுத்தும் வரை கட்டணம்.

வீட்டுக் கணிப்பொறி வைத்திருந்தோர்க்கு 1990 இல் தோன்றிய பெயின்ட் ஷாப் புரோ கைகொடுத்தது. முதலில் பயன்படுத்திப் பார்த்து, பிடித்தால் பணம் செலுத்தலாம் என்னும் முறையில் அது பரவிற்று. 2001 இல் அடோபி நிறுவனமே எலிமென்ட்ஸ் என்னும் பெயரில் வீட்டாருக்கான எளிய பதிப்பைக் குறைந்த விலையில் தந்தது.

இவற்றிற்கெல்லாம் மாற்றாக எழுந்தது கிம்ப். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் ஆகிய இருவரும் 1995 இல் இப்பணியைத் தொடங்கினர். தாம் எழுதியதை எவரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கு வழங்கலாம் என்னும் பொது உரிமத்தின் கீழ் அதனை உலகிற்கு அளித்தனர். லினக்ஸ் அமைப்பின் சின்னமாகிய பென்குவின் பறவையை லாரி யூயிங் 1996 இல் வரைந்தது இம்மென்பொருளைக் கொண்டே. தன்னார்வலர் பலரின் உழைப்பால் வளர்ந்து, 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வெளிவந்தது.

மூவகை

மாணவர்க்குக் கிட்டக்கூடிய மென்பொருள்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கட்டணம் செலுத்திப் பெறுவன. எலிமென்ட்ஸ் போன்றவை இவ்வகையின. வீட்டுப் படங்களுக்கு இவை போதுமானவற்றிற்கும் மேலானவை.

இரண்டாம் வகை, விலையின்றிக் கிடைத்தாலும் உரிமை நிறுவனத்திடமே இருப்பன. பெயின்ட் டாட் நெட் 2004 இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் பணியாகத் தொடங்கியது. பழைய கணிப்பொறியிலும் விரைந்து இயங்கும். விண்டோஸில் மட்டுமே செயற்படும். ஃபோட்டோபியா இணைய உலாவியிலேயே இயங்குவதால் கணிப்பொறியில் எதனையும் நிறுவ வேண்டியதில்லை. விளம்பரங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். 2015 இல் விலைக்கு வந்த அஃபினிட்டி போட்டோ, 2025 இறுதியில் இலவசமாக்கப்பட்டது.

மூன்றாம் வகை, உரிமையே பொதுவாக உள்ளன. கிம்ப் இவ்வகையில் முதன்மையானது.

இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் உள்ள வேறுபாட்டைப் பிக்காசாவின் வரலாறு தெளிவாக்கும். கூகுள் நிறுவனம் 2004 இல் விலைக்கு வாங்கி இலவசமாக வழங்கிய அம்மென்பொருளை வீட்டார் பெரிதும் விரும்பினர். 2016 இல் நிறுவனம் அதனை நிறுத்திவிட்டது. இலவசமாக இருந்தும் அதனைத் தொடர்ந்து வளர்க்கும் உரிமை வேறு எவரிடத்தும் இல்லை. கிம்பைத் தொடங்கிய மாணவர் இருவரும் விலகிய பின்னரும் அது வளர்ந்து வந்ததற்குக் காரணம், அதன் மூலநிரல் பொதுச்சொத்துப் போல இருந்ததேயாகும்.

நான்காவதாக ஒரு வகையும் நடைமுறையில் உண்டு. அது திருட்டுப் படி. கணிப்பொறி விற்கும்போதே விலையுயர்ந்த மென்பொருளின் பூட்டுடைத்த படியை ஏற்றித் தருவோர் உள்ளனர். என் நண்பன் ஒருவனின் கணிப்பொறியில் அவ்வாறு ஏற்றப்பட்ட படியோடு வைரஸும் புகுந்து, செயல்திட்டக் கட்டுரைக் கோப்புகள் அனைத்தும் அழிந்தன. அறத்தின்பாற்பட்ட வினாவை ஒருபுறம் வைத்தாலும், விலையின்றி நேர்வழியில் கிடைக்கும்போது இவ்வழி தேவையற்றது.

பயன்படுத்தியோர் கூறுவன

எங்கள் வீட்டுக் கணிப்பொறி அண்ணன் பழைய விலைக்கு வாங்கியது. நினைவகம் 4 ஜி.பி. அதில் கிம்ப் 2.10 பதிப்பு தடையின்றி இயங்குகிறது. 3.0 பதிப்பிற்கு விண்டோஸ் 10 வேண்டும். விண்டோஸ் 7 வைத்திருப்போர் 2.10 பதிப்போடு நிறைவு கொள்ளலாம்.

முதல் வாரத்தில் எங்கள் நண்பர் அனைவரும் இடறிய இடம் ஒன்று உண்டு. 'சேவ்' என்னும் கட்டளை கிம்பின் சொந்தக் கோப்பு வகையில் மட்டுமே சேமிக்கும். அச்சுக்கும் கைப்பேசிக்கும் உரிய ஜே.பெக் கோப்பு வேண்டுமாயின் 'எக்ஸ்போர்ட்' கட்டளையை நாட வேண்டும். இம்முறை 2012 இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து உள்ளது. தொடக்கத்தில் எரிச்சலூட்டினும் இதில் ஒரு நன்மை உண்டு. ஜே.பெக் கோப்பினை ஒவ்வொரு முறை மீண்டும் சேமிக்கும்போதும் நுண்ணிய விவரங்கள் சிறிது தேயும். சொந்தக் கோப்பில் அத்தேய்வு இல்லை. அடுக்குகளும் அப்படியே நிற்கும்.

மாணவி ஒருவர் துறை விழா அழைப்பிதழைக் கிம்பில் அமைத்தார். யூனிகோடு தமிழ் எழுத்துகள் கொம்பும் காலும் இடம் மாறாமல் செம்மையாக அமைந்தன. ஆனால் ஒரு வட்டம் வரைவதற்கு அவர் பட்ட பாடு பெரிது. 2.10 பதிப்பில் வட்டத்தைத் தேர்வு செய்து, பின் அதன் விளிம்பில் கோடிட வேண்டும். படத்தைத் திருத்துவதே இதன் முதற்பணி; வடிவங்கள் வரைய வேறு மென்பொருளே ஏற்றது.

மாலை நேரங்களில் ஸ்டுடியோவில் பணிபுரியும் மற்றொரு நண்பர் மாற்றுக் கருத்துடையவர். பிளெக்ஸ் பலகை அச்சிடுவோர் போட்டோஷாப் கோப்பினையே கேட்கின்றனர் என்றும், நான்கு மை அச்சுக்குரிய வண்ணமுறையில் நேரடியாகப் பணிபுரியக் கிம்பில் வசதி குறைவு என்றும் அவர் கூறுகின்றார். அவர் கூற்று சரியே. தொழிலுக்குத் தேவையானது வேறு. வீட்டிற்குத் தேவையானது வேறு.

ஒரு படம் திருந்திய முறை

இனி ஒரு படத்தை எடுத்துக்கொண்டு விளக்குவதே பொருத்தமாகும்.

கொங்குப் பகுதியில் தாயைப் பெற்றோரை அம்மாயி, அப்புச்சி என்போம். என் அப்புச்சி பஞ்சாலைத் தொழிலாளி. அவருக்கு இருந்தது ஒரே படம்; 1968 இல் ஆலை அடையாள அட்டையில் ஒட்டியது. அகலம் 3 செ.மீ., உயரம் 4 செ.மீ. நெற்றியிலும் பின்புலத்திலும் மஞ்சள் கறை. தோளின்மேல் ஊதா மை முத்திரை. சட்டைக் கழுத்தருகே பின் ஊசியின் துருவும் துளையும். இடக் கண்ணின் ஓரத்தில் பூஞ்சைப் புள்ளி. அம்மாயிக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய விருப்பம்.

முதற்படி, படத்தைக் கணிப்பொறிக்குள் கொண்டுவருதல். நகல் எடுக்கும் கடையில் அங்குலத்திற்கு 1200 புள்ளிகள் என்னும் அளவில் ஸ்கேன் செய்தேன். அவ்வளவு சிறிய படமும் 1417 × 1890 புள்ளிகளாக, ஏறத்தாழ 26.8 லட்சம் புள்ளிகளாக விரிந்தது. அச்சுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் போதும் என்பதால் 4.7 அங்குல அகலமும் 6.3 அங்குல உயரமும் உடைய படம் கிடைக்கும். ஸ்கேனர் இல்லாதோர் சன்னலோர நிழலில் படத்தைக் கிடத்தி, பிளாஷ் இன்றி, கைப்பேசியைப் படத்திற்கு நேர் மேலே பிடித்து எடுக்கலாம்.

இரண்டாம் படி, கறை நீக்கம். இங்கே ஒளியியல் பாடம் துணைக்கு வந்தது. மஞ்சள் கறை நீல ஒளியை விழுங்குகிறது. சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே ஸ்கேன் செய்த படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரித்தால், நீலப் பிரிவில் கறை கருமையாகத் தெரியும்; சிவப்புப் பிரிவில் அஃது ஏறத்தாழ மறைந்துவிடும். கறுப்பு வெள்ளைப் படத்திற்கு ஒரு பிரிவே போதும். கிம்பில் 'டீகம்போஸ்' என்னும் கட்டளை ஒரு படத்தை இவ்வாறு மூன்று அடுக்குகளாகப் பிரித்துத் தரும். சிவப்பு அடுக்கில் நெற்றிக் கறையும் துருவின் பெரும்பகுதியும் தூரிகை படாமலே அகன்றன.

முத்திரைக்கு இதன் மறுதலை. ஊதா மை நீல ஒளியைத் திருப்பி அனுப்புவது. ஆகவே நீல அடுக்கில் அது மிக வெளிறித் தோன்றியது. சிவப்பு அடுக்கைக் கீழே வைத்து, நீல அடுக்கை அதன்மேல் வைத்து, முகமூடி போன்ற 'மாஸ்க்' கொண்டு மேலடுக்கை முழுவதும் மறைத்தேன். பின் மெல்லிய தூரிகையால் தோள் பகுதியில் மட்டும் முகமூடியை விலக்கினேன். நெற்றி சிவப்பு அடுக்கிலிருந்தும் தோள் நீல அடுக்கிலிருந்தும் வந்து ஒரே படமாக அமைந்தன.

மூன்றாம் படி, கருமை வெண்மைச் சீரமைப்பு. 'லெவல்ஸ்' என்னும் கருவி, எந்த அளவுள்ள புள்ளிகள் எத்தனை என்பதை மலைபோன்ற வரைபடமாகக் காட்டும். மங்கிய படத்தில் இம்மலை நடுவிலேயே குவிந்து, இரு ஓரங்களும் வெறுமையாக இருக்கும். இடக்கோடி முக்கோணத்தையும் வலக்கோடி முக்கோணத்தையும் மலையடிவாரத்திற்கு நகர்த்தினால் கருமை கருமையாகவும் வெண்மை வெண்மையாகவும் மீள்கின்றன. மிகைப்படுத்தினால் தலைமயிர் ஒரே மைப்பூச்சாகிவிடும்.

நான்காம் படி, துளையும் கீறலும் அடைத்தல். இதற்கு இரு கருவிகள். 'க்ளோன்' ஓரிடத்துப் புள்ளிகளை அப்படியே எடுத்து மற்றோரிடத்தில் ஒட்டும். 'ஹீல்' அவ்விடத்து இழையமைப்பை மட்டும் எடுத்துச் சுற்றுப்புற நிறத்தோடு கலந்து ஒட்டும். சட்டைக் கழுத்தின் விளிம்பு போன்ற கூரிய கோடுகளுக்கு முன்னதும், கன்னம் போன்ற மென்மையான பரப்பிற்குப் பின்னதும் ஏற்றவை. திருத்தம் அனைத்தையும் தனி அடுக்கில் செய்தால் வேண்டாதபோது அழித்துவிடலாம். இவ்வொரு படத்திற்கு நான்கு மாலைகள் ஆயின.

வண்ணப் படங்கள்

1970, 1980 ஆகிய பத்தாண்டுகளின் வண்ணப் படங்கள் பல இன்று செம்மை படர்ந்து காணப்படுகின்றன. வண்ணத் தாளில் மூன்று சாயங்கள் உண்டு. அவற்றுள் சிவப்பு ஒளியை விழுங்கும் பசுநீலச் சாயம், பெட்டியில் இருட்டில் வைத்திருந்த அக்காலப் படங்களில் முந்தி மங்கியது. விழுங்குவது குறைந்ததால் சிவப்பு மிகுந்தது. 'லெவல்ஸ்' கருவியில் சிவப்பைத் தனியே தேர்ந்து, இடக்கோடி முக்கோணத்தை மலையடிவாரம் வரை நகர்த்தி, நடு முக்கோணத்தையும் சற்று வலப்புறம் தள்ளினால் பெரும்பாலான படங்கள் தெளியும். அளவு சரியா என்பதற்குப் படத்தில் உள்ள வெள்ளை வேட்டியோ சுண்ணாம்புச் சுவரோ சான்று.

திருத்தமும் திரிபும்

அப்புச்சியின் படத்தில் எஞ்சியது இடக் கண்ணோரப் புள்ளி. இதற்கிடையே என் மாமன் மகன், செயற்கை நுண்ணறிவு கொண்டு முகத்தைத் தெளிவாக்கும் கைப்பேசிச் செயலி ஒன்றில் அதே படத்தைச் செலுத்தினான். அரை நிமிடத்தில் பளிச்சென்ற முகம் வந்தது. கண்ணிமை முடிகள் கூடத் தெரிந்தன. அம்மாயியிடம் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இது ஆரு கண்ணு? ஆளென்னமோ நல்லாத்தான் இருக்காரு. உங்கப்புச்சி இல்லையே" என்றார்.

அவர் கூறியதற்குக் காரணம் உண்டு. அத்தகைய செயலி பல முகங்களைப் பார்த்துப் பயின்றது. மூலப்படத்தில் இல்லாத விவரத்தை அஃது ஊகித்து வரைகின்றது. வரைந்தது ஒரு முகமே. ஆனால் அவருடைய முகமன்று.

வரலாறு பயில்வோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. மாஸ்கோ, வால்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலினுடன் நின்ற நிக்கோலாய் யெசோவ், 1940 இல் கொல்லப்பட்ட பின் அப்படத்திலிருந்து மறைக்கப்பட்டார். அவர் நின்ற இடத்தில் நீர் தெரிந்தது. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரபிக் இதழ், அட்டையின் நீள்வடிவத்திற்காக எகிப்தியப் பிரமிடுகளைக் கணிப்பொறியால் நெருக்கி வைத்துக் கண்டனத்திற்கு ஆளாயிற்று. முன்னது கொடுங்கோன்மை, பின்னது அழகுணர்ச்சி. இரண்டிலும் பார்ப்பவர் ஏமாற்றப்பட்டார்.

ஆகவே மூன்று விதிகளை எனக்கு நானே வகுத்துக்கொண்டேன். ஒன்று, ஸ்கேன் செய்த மூலக் கோப்பில் கைவைத்தல் ஆகாது, நகலிலேயே திருத்தம். இரண்டு, படம் எடுத்த பின் அதன்மீது வந்து சேர்ந்த கறை, தூசி, துரு, கீறல் ஆகியவற்றை நீக்கலாம்; படத்தில் இல்லாததை முகத்தில் சேர்த்தல் கூடாது. மூன்று, என்ன செய்தோம் என்பதைக் குறித்து வைத்தல் வேண்டும்.

இவ்விதிப்படி கண்ணோரப் புள்ளியைச் சற்றே மங்கச் செய்து விட்டுவிட்டேன். வலக் கண்ணைத் திருப்பி ஒட்டியிருக்கலாம், எளிய வேலையே. ஆனால் மனிதரின் இரு கண்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. முத்திரையைப் பொறுத்தவரை இரண்டு படிகள் அச்சிட்டோம். முத்திரை நீங்கிய படி சுவருக்கு. முத்திரையோடு கூடிய படி அலமாரிக்கு. அவர் அவ்வாலையில் பணிபுரிந்தார் என்பதற்கு அந்த அரைவட்ட முத்திரையை விட்டால் வேறு எழுத்துச் சான்று எங்கள் குடும்பத்தில் இல்லை. சுவருக்கான படியை அம்மாயி கையில் வாங்கியதும், முதலில் தொட்டது அந்த இடக் கண்ணைத்தான். "இங்க ஒரு தழும்பு இருந்துச்சு, சின்ன வயசுல மாடு முட்டுனது" என்றார். பூஞ்சைப் புள்ளிக்குக் கீழே இருந்தது எது என்பதை எங்களுள் எவரும் அதுவரை அறிந்திலோம்.

ஒரு சிறு கணக்கு

அன்றாடப் பயன் ஒன்றையும் கூறி அமைவேன். விண்ணப்பங்களுக்குரிய 3.5 செ.மீ. × 4.5 செ.மீ. படம், அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் அளவில் 413 × 531 புள்ளிகள் ஆகும். 4 × 6 அங்குலத் தாள் என்பது 1200 × 1800 புள்ளிகள். படத்தைப் பக்கவாட்டில் திருப்பி அடுக்கினால் அகலத்தில் 2, நீளத்தில் 4 என ஒரே தாளில் 8 படங்கள் அமையும். இத்தாளைக் கோப்பாக அமைத்துக்கொண்டு கடையில் ஓர் அச்சு எடுத்தால், ஒரு சாதாரணப் படத்தின் விலையில் எட்டுப் படங்கள் கிடைக்கும். எங்கள் வகுப்பில் பலர் இம்முறையையே பின்பற்றுகின்றனர்.

முடிவுரை

விலையில்லா மென்பொருளும் பழைய கணிப்பொறியும் நம் வீட்டுப் படங்களைக் காக்கப் போதுமானவை என்பது எங்கள் பட்டறிவு. தேவைப்படுவன பொறுமை, ஒளி பற்றிய சிறிதளவு அறிவு, எங்கே நிறுத்துவது என்னும் தெளிவு ஆகிய மூன்றே.

மாணவ நண்பர்கள் அடுத்த விடுமுறையில் தத்தம் வீட்டுப் படங்களை எடுத்து ஸ்கேன் செய்யத் தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஒரு படி கணிப்பொறியிலும், ஒரு படி பென் டிரைவிலும், ஒரு படி உறவினர் வீட்டிலும் இருக்கட்டும். அதைவிட இன்றியமையாத பணி ஒன்று உண்டு. படத்தில் நிற்பவர் யார், எடுத்த ஊர் எது, ஆண்டு எது என்பவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அச்சுப்படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். கிம்பில் 'இமேஜ் பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் குறிப்பெழுத இடம் இருக்கிறது, அதிலும் எழுதுங்கள். கறையை அடுத்த ஆண்டும் நீக்கலாம். வரிசையில் மூன்றாவதாக நிற்பவரின் பெயரைச் சொல்லக்கூடியவர் அடுத்த ஆண்டும் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.